பட்டாணி டின்னும் ஒரு பவுண்டு அரிசியும்

1/ போன வாரம் கிளினிக்குக்கு ராயபுரத்து அண்ணன் ஒருத்தர் வந்தார். கப்பல்ல சமையல் வேலை பார்த்தவர். சுகர், பிபி ரெண்டும் உண்டு. பையிலிருந்து பச்சைப் பட்டாணி டின் ஒன்றை எடுத்து மேஜையில வெச்சார். "டாக்டர், கலோரி கம்மியாத்தானே போட்டிருக்கு, தினமும் சாப்பிடலாமா?"

கலோரியை மட்டும் பார்த்தா போதுமா? இதே கடற்கரையில் 1877-ல் இதே கேள்விக்காக ஒரு டாக்டர் அரசாங்கத்தோட சண்டை போட்டிருக்கார். அந்தக் கதைதான் இந்த த்ரெட்.

2/ முதலில் டின்னோட வரலாறு. உணவைப் பாட்டிலில் அடைத்து, மூடி, கொதிக்க வைத்தால் கெடாது என்று பிரான்ஸின் நிக்கோலா அப்பேர் 1810-ல் புத்தகமாவே எழுதினார். அதே வருஷம் இங்கிலாந்தில் பீட்டர் டியூராண்ட் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார். ராணுவமும் கப்பலும்தான் அதன் முதல் வாடிக்கையாளர்கள்.

3/ அந்த டின்கள் மெட்ராசுக்கும் வந்தன. 1870-களில் இங்கே முழுமையான துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். அலையைத் தாண்டி மசூலா படகில் சரக்கு கரைக்கு வரும். வெள்ளைக்கார வீட்டு விருந்துகளில் டின் உணவு கௌரவம்.

மெட்ராஸ் குதிரைப்படை அதிகாரி கென்னி-ஹெர்பர்ட், 'வைவர்ன்' என்ற பேரில் 1878-ல் மெட்ராஸ் சமையல் பற்றி ஒரு புத்தகம் போட்டார். நல்ல மீனும் காயும் இங்கேயே கிடைக்கும்போது டின் எதுக்கு என்று அதில் கேலி செய்தார்.

4/ அவர் அதை எழுதின காலத்தில்தான் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை. தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் செத்துப் போனாங்க. 1877 பிப்ரவரியில் மெட்ராஸ் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலை மாதிரி குவிந்து கிடந்த படம் இன்றும் இருக்கு.

5/ வைஸ்ராய் லிட்டன், செலவைக் குறைக்க சர் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார். 1873-74 பீகார் பஞ்சத்தில் அரிசி இறக்குமதி செய்து மக்களைக் காப்பாற்றி, "இவ்வளவு செலவா?" என்று திட்டு வாங்கினவர் அவர். இந்தத் தடவை கையை இறுக்கினார். நிவாரண வேலையில் நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா. பெண்ணுக்கு இன்னும் குறைவு.

6/ இன்றைய கணக்கில் பாருங்க. ஒரு பவுண்டுன்னா சுமார் 450 கிராம். அரிசியா எடுத்தா ஏறக்குறைய 1,600 கலோரி. மண் வெட்டிச் சுமக்கிற ஆணுக்கு இன்று நாம சொல்றது சுமார் 3,500. பாதிகூட இல்லை!

7/ எதிர்த்து நின்றவர் மெட்ராஸ் மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். ஒன்றரை பவுண்டு தானியமாவது வேணும், கூடவே காய்கறியும் புரதமும் வேணும் என்று வாதாடினார். அரிசி அளவை மட்டும் கூட்டச் சொல்லி அவர் நிற்கவில்லை, தட்டில் வேற என்ன இருக்குன்னும் கேட்டார். இதுதான் முக்கியம். உணவைக் கலோரியில் அளக்கும் பழக்கம் அப்போ வரவில்லை. 'வைட்டமின்' என்ற சொல் பிறந்ததே 1912-ல்.

8/ 1877-ல் மெட்ராஸ் அரசு இறங்கி வந்தது. தானியம் 570 கிராம், புரதத்துக்குப் பருப்பு. கார்னிஷ் கேட்டது முழுசா கிடைக்கலை. பலருக்கு அதுவும் தாமதம். அந்தப் பஞ்ச நிவாரண வேலையில்தான் பக்கிங்காம் கால்வாயின் கூவம்–அடையாறு பகுதி வெட்டப்பட்டது. அதே கால்வாயின் வடக்குப் பகுதியைத்தான் எண்ணூர்ப் பக்கம் தினம் கடந்து போறோம்.

9/ இப்போ அண்ணனோட டின்னுக்கு கார்னிஷ் கேள்வியைப் போடுவோம். 100 கிராமுக்கு (தண்ணி வடிச்சது):
கலோரி: சுமார் 70. பச்சைப் பட்டாணியில் 80.
புரதம்: 4 கிராமுக்கு மேல். நார்ச்சத்தும் பெரும்பாலும் அப்படியே.
வைட்டமின் சி: பச்சையில் 40 மி.கி., டின்னில் 10-க்குப் பக்கம். சூட்டிலும் தண்ணியிலும் போயிடும்.
சோடியம்: பச்சையில் 5 மி.கி., உப்பு போட்ட டின்னில் 270-க்கு மேல்.

10/ ஆக, கலோரி ரெண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சோடியம்தான் 50 மடங்கு! ஒரு டின்னில் 240 கிராம் பட்டாணி தேறினா, உப்பு சுமார் 1.6 கிராம். ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் இருக்கணும். பிபி இருக்கிறவர் பார்க்க வேண்டிய எண் இதுதான்.

11/ அண்ணனுக்கு நான் சொன்னது: டின் விஷம் இல்லை. கடலில் காய் கிடைக்காத நாளில் நல்ல துணை. தண்ணியைக் கொட்டிட்டு, நல்லா அலசுங்க, உப்பு ஓரளவு குறையும். அதோட திரும்ப உப்பு போடாதீங்க. பட்டாணியில் மாவுச்சத்தும் உண்டு, அதனால சோற்றைக் குறைச்சுக்குங்க. கரையில இருக்கும்போது பச்சைப் பட்டாணி, கீரை, ஒரு நெல்லிக்காய்.

12/ வடசென்னைப் பெரியவங்க ஸ்டான்லியை இன்னும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'ன்னுதான் சொல்வாங்க. 1780-களின் பஞ்சத்தில் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. பசிச்சவனுக்கு என்ன கொடுக்கணும், எவ்வளவு கொடுக்கணும் என்பது இந்த ஊருக்குப் பழைய கேள்வி.

அடுத்த தடவை டின்னோ பாக்கெட்டோ வாங்கும்போது, கலோரிக்குக் கீழே இருக்கிற வரிகளையும் படிங்க.