விசா தேவையில்லை என்பதன் பொருள்

'விசா தேவையில்லை' என்ற இரண்டே சொற்களை நம்பி, 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் அக்காவை மலேசியாவுக்கு அழைத்துச் செல்லப் புறப்பட்டேன். ஈப்போவில் வசிக்கும் அவருடைய மகளுக்குத் தலைப்பிரசவம். இந்தியர்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா இன்றி வந்து 30 நாள்கள் வரை தங்கலாம் என்று மலேசிய அரசு அறிவித்திருந்தது. பயணச்சீட்டு வாங்கியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

விமான நிலையத்தில் எங்கள் ஆவணங்களைச் சரிபார்த்த பெண், அக்காவின் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'இது இன்னும் நான்கு மாதங்களில் காலாவதியாகிறது. குறைந்தது ஆறு மாதங்களாவது இருக்க வேண்டும்' என்றார். எவ்வளவோ மன்றாடினோம், பயனில்லை. லேகியமும் பத்தியப் பொடிகளும் நிறைந்த பெட்டியுடன் அக்கா வீடு திரும்பினார். அந்தப் பெண் செய்தது சரி, தவறு என்னுடையது. தத்கால் முறையில் புதிய கடவுச்சீட்டு வாங்கிக்கொண்டு அக்கா ஈப்போ போய்ச் சேர்ந்தபோது, குழந்தை பிறந்து ஐந்து நாள்கள் ஆகியிருந்தன.

அதன் பிறகுதான் இந்த விதிகளைப் பொறுமையாகப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் முதலில் புரிந்தது இதுதான்: விசா விலக்கு என்பது அனுமதி அல்ல, முன் அனுமதி கேட்க வேண்டாம் என்ற சலுகை மட்டுமே. வழக்கமாகத் தூதரகத்தில் நடக்கும் பரிசோதனை, விசா விலக்கு உள்ள நாடுகளில் நடைபெறாமல் போவதில்லை. இடம் மாறுகிறது, அவ்வளவே. நம் ஊர் விமான நிலையத்தில் விமான நிறுவன ஊழியரும், இறங்கும் நாட்டில் குடிவரவு அதிகாரியும் அதைச் செய்கிறார்கள். தூதரகம் மறுத்தால் இழப்பு விண்ணப்பக் கட்டணத்தோடு போகும். இங்கே மறுத்தால் பயணச்சீட்டு, விடுதிக் கட்டணம், விடுப்பு எல்லாம் போகும்.

விமான நிறுவனங்கள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கின்றன என்று பலர் சினம் கொள்கின்றனர். நுழைவு மறுக்கப்பட்ட பயணியைத் திருப்பி அழைத்து வரும் பொறுப்பு விமான நிறுவனத்தையே சேரும்; பல நாடுகள் அபராதமும் விதிக்கின்றன. எனவே, பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் பராமரிக்கும் 'டைமாட்டிக்' என்ற தரவுத்தளத்தைப் பார்த்தே ஊழியர்கள் முடிவெடுக்கின்றனர். அதில் இல்லை என்றால், நாம் காட்டும் நாளிதழ்ச் செய்தியோ கட்செவி அஞ்சலில் வந்த தகவலோ எடுபடாது.

அடுத்து, சொற்களைப் பிரித்தறிய வேண்டும். 'விசா இல்லாமல் போகலாம்' என்று பேச்சுவழக்கில் நாம் சொல்வதற்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு ஏற்பாடுகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, முழுமையான விசா விலக்கு. மலேசியா இதற்கு எடுத்துக்காட்டு. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது, வந்திறங்கியதும் பெறும் விசா. இந்தோனேசியாவில் 5 லட்சம் ரூபியா செலுத்தி 30 நாள்களுக்கு இதைப் பெறலாம். மாலத்தீவில் கட்டணமே இல்லை. மூன்றாவது, புறப்படும் முன் இணையவழியில் பெறும் மின்னணுப் பயண அனுமதி. நான்காவது, இணையவழியில் விண்ணப்பிக்கும் மின்னணு விசா. இது பெயரிலேயே விசாதான்; இணையத்தில் கிடைப்பதாலேயே பலர் இதை விலக்கு என்று எண்ணிவிடுகின்றனர்.

இவற்றுக்கிடையிலான எல்லைக்கோடு அறிவிப்புகளில் மங்கிவிடுகிறது. கென்யா 2024 ஜனவரி முதல் எல்லா நாட்டவருக்கும் விசாவை நீக்குவதாக அறிவித்தது. ஆனால், விசா இருந்த இடத்தில் 30 டாலர் கட்டணத்துடன் மின்னணுப் பயண அனுமதி வந்து அமர்ந்துகொண்டது. இலங்கை 2023-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா உள்ளிட்ட ஏழு நாட்டவருக்குக் கட்டணமில்லா விசா வழங்க முடிவெடுத்தபோது, 'இலங்கைக்கு விசா வேண்டாம்' என்றே இங்கு பலரும் பேசிக்கொண்டனர். கட்டணம் இல்லை என்பதும் விசா இல்லை என்பதும் ஒன்றல்ல; அப்போதும் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கடவுச்சீட்டுகளின் வலிமையைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல்களும் வந்திறங்கியதும் பெறும் விசாவைச் சேர்த்தே எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கையைத் தலைப்பில் படித்துவிட்டு அத்தனை நாடுகளுக்கும் வெறுங்கையோடு போகலாம் என்று கருதக் கூடாது.

நிபந்தனையுடன் கூடிய விலக்கும் உண்டு. பிலிப்பின்ஸ் 2025 ஜூன் முதல் இந்தியச் சுற்றுலாப் பயணிகளை 14 நாள்களுக்கு விசா இன்றி அனுமதிக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, சிங்கப்பூர், ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவையோ குடியிருப்பு உரிமையையோ வைத்திருப்பவருக்கு அது 30 நாள்கள். ஒரே விமானத்தில் செல்லும் கணவனுக்கு 30 நாள்களும் மனைவிக்கு 14 நாள்களும் கிடைக்கலாம். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விதியைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது போதிய சான்று. நமக்கு மிக நெருக்கமான சிங்கப்பூருக்கோ இந்தியர்களுக்கு விசா கட்டாயம். குறிப்பிட்ட சில நாடுகளின் விசா வைத்திருப்போர், மூன்றாம் நாடு ஒன்றுக்குச் செல்லும் வழியில் 96 மணி நேரம் வரை தங்கிச் செல்லும் சலுகை மட்டும் அங்கு உண்டு.

விசா விலக்கு உறுதியானதும் பார்க்க வேண்டியது கடவுச்சீட்டின் ஆயுள். பல ஆசிய நாடுகள், வந்திறங்கும் நாளிலிருந்து ஆறு மாதங்களாவது அது செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. முத்திரையிட வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும். கிழிந்த, நனைந்த, பக்கம் பிரிந்த கடவுச்சீட்டு காலாவதியாகாவிட்டாலும் ஏற்கப்படாமல் போகலாம். பிறகு, திரும்பி வரும் அல்லது அடுத்த நாட்டுக்குச் செல்லும் பயணச்சீட்டு, தங்குமிடத்துக்கான சான்று, செலவுக்குப் போதுமான பணம். உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவருடைய முகவரியும் தொலைபேசி எண்ணும், முடிந்தால் அழைப்புக் கடிதமும் கையில் இருப்பது நல்லது. மொழி தெரியாத முதியவரைத் தனியாக அனுப்பும்போது இது மிகவும் தேவை.

இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது மின்னணு வருகை அட்டை. மலேசியாவுக்குச் செல்வோர் வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் அதை நிரப்ப வேண்டும். தாய்லாந்து 2025 மே 1 முதல் இதே போன்ற அட்டையைக் கட்டாயமாக்கியது. மாலத்தீவில் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் பயணி அறிவிக்கையைப் பதிய வேண்டும். மூன்றுக்கும் கட்டணம் கிடையாது. அரசுத் தளத்தைப் போன்றே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் இதற்குப் பணம் வசூலிக்கின்றன. தேடுபொறியில் முதலில் வருவது அரசுத் தளமாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

நாள் கணக்கில் தவறுவோரும் உண்டு. 30 நாள்கள் என்பது ஒரு மாதம் அல்ல. ஜனவரி 5-இல் இறங்கியவர் பிப்ரவரி 5-இல் திரும்பினால், இறங்கிய நாளையும் சேர்த்து 32 நாள்கள் ஆகிவிடுகின்றன. கடவுச்சீட்டில் அதிகாரி பொறிக்கும் தேதியே இறுதியானது. அந்த இடத்தை விட்டு நகரும் முன் அதைப் படித்துவிட வேண்டும். தாய்லாந்தில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் அபராதம். அபராதத்தைவிடப் பெரியது, அடுத்த விசா விண்ணப்பத்தின்போது எழும் கேள்வி.

இடையில் விமானம் மாறும் நாடுகளும் கவனத்துக்குரியவை. சேருமிடத்துக்கு விசா தேவையில்லை என்பதால் வழியிலும் தேவையில்லை என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் விமானம் மாறுவதற்குக்கூட இந்தியர்களுக்கு விசா வேண்டும். பிரிட்டனில், விலக்குப் பெற்ற சில பிரிவினர் தவிர மற்றவர்கள் விமான நிலையத்தை விட்டு வெளியேறாமல் விமானம் மாறினாலும் இடைவழி விசா பெற வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று இரு நிறுவனங்களில் தனித்தனியே பயணச்சீட்டு வாங்கினால், நடுவில் பெட்டியை எடுத்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். பெட்டியை எடுக்கக் குடிவரவைக் கடக்க வேண்டும். கடந்தால் அந்த நாட்டுக்குள் நுழைந்ததாகவே பொருள்.

ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகள் சிலவற்றுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தேவை. ஊசி போட்டுப் பத்து நாள்களுக்குப் பிறகே அது செல்லும். சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் இதைப் போட்டுக்கொள்ளலாம். சான்று இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால், நம் நாட்டிலேயே ஆறு நாள்கள் வரை தனிமைப்படுத்தப்பட நேரிடும்.

நேபாளம், பூடான் ஆகிய அண்டை நாடுகளுக்கு நமக்கு விசா இல்லை; கடவுச்சீட்டுக்கு மாற்றாக வாக்காளர் அடையாள அட்டையும் ஏற்கப்படும். ஆனால், ஆதார் அட்டையை 15 வயதுக்கு உள்பட்டவர்களும் 65 வயதைக் கடந்தவர்களும் மட்டுமே பயன்படுத்தலாம். பூடானில் நுழைவு அனுமதி பெறுவதோடு, ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணமும் செலுத்த வேண்டும்.

இதுவரை சொன்னவற்றில் தவறினால் பணமும் பயணமும் போகும். ஒன்றில் தவறினால் வாழ்வே போகக்கூடும். அது பயணத்தின் நோக்கம். விசா விலக்கு பெரும்பாலும் சுற்றுலாவுக்கும் குறுகிய காலப் பயணங்களுக்கும் உரியது; வேலைக்கு உரியதன்று. தாய்லாந்தின் விசா விலக்கைக் காட்டி, கணினி வேலை என்று ஆசைகூறி அழைத்துச் செல்லப்பட்ட இந்திய இளைஞர்கள் பலர், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் இணைய மோசடிக் கூடங்களில் சிக்கினர். 2025 மார்ச்சில் மட்டும் அவ்வாறு சிக்கிய 549 பேரை இந்தியா மீட்டுக் கொண்டுவந்தது. ஈரான் 2024 பிப்ரவரியில் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு 15 நாள் விசா விலக்கு அளித்தது. வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டவர்கள் அங்கு கடத்தப்பட்டுப் பணயத் தொகை கேட்கப்பட்ட நிகழ்வுகளைத் தொடர்ந்து, அந்தச் சலுகை 2025 நவம்பர் 22 முதல் நிறுத்தப்பட்டது.

முதலில் சுற்றுலாப் பயணியாக வாருங்கள், வேலை விசாவை அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு முகவர் சொன்னால், அந்த ஒரு வரியே அவரை விட்டு விலகப் போதுமான காரணம். பத்தாம் வகுப்பை முடிக்காதவர்களின் கடவுச்சீட்டில் 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்ற குறிப்பு இருக்கும். மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்காகச் செல்லும்போது அவர்கள் குடிபெயர்வோர் பாதுகாப்பாளரின் ஒப்புதலைப் பெற வேண்டும். எளிய மக்களை ஏமாற்றாமல் காப்பதற்கென்று உருவான இந்த வேலியைத் தாண்டுவதற்கே, சுற்றுலா என்ற பொய்க் காரணம் பயன்படுத்தப்படுகிறது.

விசா விலக்குகள் நிலையானவை அல்ல என்பதையும் இவை காட்டுகின்றன. தாய்லாந்து 2023 நவம்பரில் 30 நாள்கள் என்று தொடங்கி, 2024 ஜூலையில் 60 நாள்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டே அதைக் குறைக்கும் பேச்சு அங்கு எழுந்தது. எனவே, பயணச்சீட்டு வாங்கும் முன் ஒருமுறை, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை என இருமுறை பார்க்க வேண்டும். செல்லும் நாட்டின் குடிவரவுத் துறை அல்லது தூதரகத்தின் தளம் முதன்மையானது. அடுத்தது விமான நிறுவனம். விளக்கத்தை மின்னஞ்சலில் எழுத்தாகப் பெறுவது நல்லது. நண்பர் சென்ற ஆண்டு போய்வந்த அனுபவம் சுவையானதாக இருக்கலாம், விதி ஆகாது.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பேறுகாலத்துக்குச் செல்லும் தாய்மார்களும், வேலை தேடிச் செல்லும் இளைஞர்களும் ஆங்கிலத் தளங்களில் தேடிப் படிப்பவர்கள் அல்லர். எந்த நாட்டுக்கு என்ன ஆவணம், எத்தனை நாள், எந்த நோக்கம் என்பதைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் ஒரே பக்கத்தில் தந்து, மாறும்போதெல்லாம் திருத்தி வைப்பது வெளியுறவு அமைச்சகத்துக்கு இயலாத காரியமன்று. அந்தப் பக்கத்தின் முகவரியை ஒவ்வொரு புதிய கடவுச்சீட்டோடும் அச்சிட்டுத் தரலாம்.

அன்று விமான நிலையத்திலிருந்து திரும்பும் வழியில் அக்கா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், 'நீ படித்தவன், பார்த்துக்கொள்வாய் என்று இருந்துவிட்டேன் தம்பி' என்றார். அக்காவின் புதிய கடவுச்சீட்டு காலாவதியாகும் தேதி இப்போது எனக்கு மனப்பாடம்.