மூச்சோடு போகும் குழாய்நீர்: தில்லியும் லெஜியோனெல்லாவும்

தில்லிக் குடிநீரின் வரலாற்றை எழுதும் யாரும் 1955 டிசம்பரைத் தாண்டிப் போக முடியாது. அதற்குச் சற்று முன் யமுனை தடம் மாறியதால், நஜஃப்கர் வடிகாலின் சாக்கடை வஜீராபாத் நீரெடுப்பு முனைக்கே வந்து சேர்ந்தது. சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 29,300 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. கர்ப்பிணிகள் கூடுதலாக இறந்தார்கள். நீர்நிலையத்தார் குளோரின் அளவைக் கூட்டியிருந்ததால் டைஃபாய்டு பெருகவில்லை, வைரஸ் மட்டும் தப்பியது. அது ஹெபடைட்டிஸ் ஈ என்பது, பத்திரப்படுத்திய ரத்தச் சீரத்தைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு சோதித்தபோதுதான் உறுதியானது.

அந்தக் கொள்ளைநோய் தில்லிக்குக் கற்றுக்கொடுத்த பாடம், குடிக்கும் நீரைக் காப்பது. நல்ல பாடம்தான். ஆனால் நீரால் வரும் நோய் என்றாலே வயிற்று நோய் என்ற எண்ணமும் அத்துடன் வேரூன்றிவிட்டது என்பது என் கருத்து.

நீர் மூச்சு வழியாகவும் நோய் தரும். 1976 ஜூலையில் பிலடெல்பியாவின் பெல்வியூ ஸ்ட்ராட்ஃபோர்ட் ஹோட்டலில் கூடிய அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் உள்ளிட்ட 182 பேர் நிமோனியாவில் விழுந்தனர். 29 பேர் இறந்தனர். ஜோசப் மெக்டேட், சார்லஸ் ஷெப்பர்ட் இருவரும் அதற்குக் காரணமான லெஜியோனெல்லா பாக்டீரியாவை அடையாளம் கண்ட செய்தி 1977 ஜனவரியில் வெளியானது. 1965-இல் வாஷிங்டன் மனநல மருத்துவமனை ஒன்றில் பரவிய புதிரான நிமோனியாவும் இதே கிருமியின் வேலை என்று பிறகு தெரிந்தது. அங்கேயும் துப்புக் கொடுத்தது பழைய சீரம்தான்.

தில்லியின் கரோல் பாக் போன்ற பேட்டையில் இந்தக் கிருமிக்கு என்ன இடம்? கன்னாட் பிளேஸ் எழும்புவதற்காக 1920-களில் இடம்பெயர்க்கப்பட்ட மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா கிராமத்தார் குடியேறிய பகுதி இது. 1947-க்குப் பின் பஞ்சாப் அகதிகளும், அரசு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களும் சேர்ந்துகொண்டனர். இன்று பல வீட்டுமனைகளில் அடுக்குமாடி ஹோட்டல்கள் நிற்கின்றன. நாள் முழுவதும் தண்ணீர் வராத ஊரில் கட்டடத்துக்குக் கட்டடம் தரையடித் தொட்டி, மோட்டார், மொட்டைமாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. நிலையத்தில் கலந்த குளோரின் தொட்டியில் தேங்கும் நேரத்தில் குறைந்துவிடும்.

லெஜியோனெல்லா 20 முதல் 45 டிகிரி வரை வெப்பமுள்ள நீரில் பெருகும். மே மாதத்து மாடித் தொட்டி தானாகவே அந்த வெப்பத்தை எட்டும். குளிர்காலத்தில் மின்கட்டணத்துக்கு அஞ்சிக் குறைத்து வைத்த கீசரும் அதே வெப்பத்தில்தான் இருக்கும். நீரை 60 டிகிரியில் சேமிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குழாயின் உட்சுவரில் படியும் வழவழப்பில் அமீபாக்கள் மேயும். அவற்றின் உடலுக்குள் ஒளியும் பாக்டீரியாவைக் குளோரின் எளிதில் எட்டாது. ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த அறையின் ஷவரைத் திறந்தால் முதலில் வருவது இப்படித் தேங்கிய நீர். அதைக் குடித்தவருக்கு வழக்கமாக ஒன்றும் ஆகாது. அதன் நுண்துளியை மூச்சோடு இழுத்தவர், அதுவும் முதியவரோ புகைபிடிப்பவரோ எனில், ஆபத்தில் இருக்கிறார்.

நம் குடிநீர்த் தரச் சோதனை தேடுவது கோலிஃபார்ம் கிருமிகளை. அதில் தேறிய நீரிலும் லெஜியோனெல்லா இருக்கலாம். தில்லி மாநகராட்சி ஊழியர்கள் கோடையில் வீடு வீடாக ஏறி ஏர்கூலர் தண்ணீரைக் கிளறுவதுகூட டெங்கு கொசுப்புழுவுக்காக. எய்ம்ஸ் நுண்ணுயிரியலாளர்கள் நிமோனியா நோயாளிகளிடமும் மருத்துவமனை நீரிலும் இக்கிருமியைத் தேடி ஆய்வுகள் வெளியிட்டுள்ளனர். ஆயினும் அந்தத் தேடல் பெரிய மருத்துவமனைகளைத் தாண்டி அதிகம் வரவில்லை.

சிகிச்சையே நோயை மறைப்பதும் உண்டு. பென்சிலின் வகை மருந்துகள் செல்லுக்குள் பதுங்கும் இக்கிருமியிடம் பலிப்பதில்லை; அசித்ரோமைசின் பலிக்கும். நிமோனியாவுக்கு நம் மருத்துவர்கள் அதையும் சேர்த்தே எழுதுவதால், பெயர் தெரியாமலேயே பலர் குணமடைகிறார்கள்.

நோய் வெளிப்பட 2 முதல் 10 நாள் ஆகும். கரோல் பாகில் இரண்டு இரவு தங்கிய இருவர் ஊர் திரும்பிக் காய்ச்சலில் விழுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாரிஸில் விழுந்தவருக்குச் சிறுநீர்ச் சோதனை நடக்கும்; அதில் நோய் உறுதியானால் தங்கிய ஹோட்டலின் பெயர் ஐரோப்பியக் கண்காணிப்பு வலையமைப்பில் ஏறும், இரண்டு ஆண்டுகளுக்குள் அதே ஹோட்டலில் இன்னொருவருக்கு வந்தால் எச்சரிக்கை எழும். சென்னையில் விழுந்தவரிடம் எந்த ஹோட்டலில் தங்கினீர்கள் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.