கமரோன் அம்மையாரின் பெருங் கமரா

ஆங்கிலப் பெண்மணியான யூலியா மார்கரெட் கமரோன், 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் பரிசளித்த மரக் கமராவுடன், தமது 48ஆம் வயதில் உருவப்படக் கலையில் இறங்கினார். பின்னர் 15 அங்குலத்துக்கு 12 அங்குலக் கண்ணாடித் தகடு கொள்ளும் பெருங் கமராவை வாங்கினார். மருந்து பூசிய தகடு உலருமுன் படம்பிடித்துக் கழுவிவிடல் வேண்டும். எதிரே அமர்ந்தவர் சில நிமிடம் அசையலாகாது. 1867இல் வானியலறிஞர் ஜோன் ஹேர்ஷலும் அவ்வாறே அமர்ந்தார்.

1875இல் அம்மையார் இலங்கையிற் குடியேறினார். 1879இல் இங்கேயே காலமானார். 1878இல் அவர் பிடித்த படமொன்றின் தலைப்பு, 'களுத்துறைக் குடியானவர் குழு' என்பதே. ஹேர்ஷலுக்குப் பெயருண்டு, இவர்க்கோ ஊர்ப்பெயர் மட்டுமே. அசையாதிருந்த பொறுமை இரு சாராருக்கும் ஒன்றன்றோ!

இளைஞர்காள்! மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே, வீட்டுப் பழம்படங்களின் பின்புறத்திற் பெயர்களைக் கேட்டெழுதி வைப்போமாக.