காரைக்குடிக்கு எத்தனை எழுத்து?

இன்னிக்கு ஒரு எண்ணிக்கைச் சண்டை.

காரைக்குடி. கா, ரை, க், கு, டி: அஞ்சு எழுத்து. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை சொல்லிடும். பைத்தான் 3-ல லென் போட்டா 10 வரும். அதே லென்னை கோ மொழியில போட்டா 30.

தொண்ணூறுகளுக்குப் போவோம். ஃபான்ட்டுக்கு ஃபான்ட் வேற அட்டவணை. நான் அனுப்பினது உங்க கம்ப்யூட்டர்ல குப்பையாத் தெரியும். பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல்லயே பேசி உருவாக்கின பொதுத் தரம்தான் டிஸ்கி. அதுல நம்ம ஊர் 7 பைட். கண்ணுக்குத் தெரியுற வரிசையிலேயே சேமிக்கும். அதனால 'ரை'யில இணைக்கொம்பு முதல்ல, 'ர' அப்புறம். மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் இந்த வடிவிலும் வந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதையொட்டி தமிழக அரசு டாம், டாப்னு இன்னும் ரெண்டு தரத்தை ஏத்துக்கிச்சு. (ஆமா, சண்டையைத் தீர்க்க மேலும் ரெண்டு!)

1991-லயே வந்த யூனிகோடு, இந்திய அரசின் இஸ்கி தரத்தைப் பின்பற்றியது. மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனி, புள்ளியும் தனி. அதான் 10. யூடிஎஃப்-8-ல ஒவ்வொண்ணும் மூணு பைட், அதான் 30. எழுத்துக்கு ஓர் இடம்னு டேஸ்-16 வந்துச்சு. 2010-ல தமிழக அரசு யூனிகோடோட சேர்த்து அதையும் அங்கீகரிச்சது. அதுல மட்டும் சரியா 5. எனக்கு அந்த யோசனை பிடிக்கும். ஆனா யூனிகோடின் தனிப்பயன் பகுதியில இருக்குறதை உலகத்துல எந்த ஃபோன் காட்டும்?

இப்போ ஜெனரேட் ஆகுற கோட். 2008-ல கூகுள் வெளியிட்ட புரோட்டோபஃப்-ல 'ஸ்ட்ரிங்', 'பைட்ஸ்'னு ரெண்டு வகை. அந்தக் கருவி எழுதித் தர்ற சி++ கோட்ல ரெண்டுமே எஸ்டிடி ஸ்ட்ரிங்தான்! ஜாவா கோட்ல வேற வேற. ஒரே ஊர்ப்பெயர், சி++ பக்கம் 30, ஜாவா பக்கம் 10. விலாசத்தை 20-ல வெட்டச் சொன்னா ஜாவா தொடவே தொடாது. சி++ 'காரைக்'கோட சேர்த்து அடுத்த 'க'வில் ரெண்டு பைட்டை மட்டும் வச்சுக்கும். புரோட்டோ 3-ல அந்த அரைகுறை எழுத்தைப் பார்த்ததும் ஜாவா மொத்தச் செய்தியையும் நிராகரிச்சிடும். பெயர் மட்டும் இல்ல, கூட வந்த போன் நம்பரும் போச்சு.

ஏஐ எழுதித் தர்ற பைத்தான்ல எர்ரர்கூட வராது. முதல் அஞ்சை எடுன்னா 'காரைக'ன்னு நிக்கும், புள்ளி இல்லாம. ஆங்கிலப் பெயர் போட்டு டெஸ்ட் பண்ணா எல்லாம் பச்சை. நம்ம ஊர்ப் பெயரைப் போட்டுப் பாருங்க. எழுத்தா எண்ணணும்னா ஓப்பன்-தமிழ் நூலகத்துல கெட் லெட்டர்ஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. அது அஞ்சுன்னுதான் சொல்லும்.