யார் பெற்ற பிள்ளை?

காஞ்சி என்றதும் கோபுரங்களும் பட்டுத்தறிகளும் நம் நினைவுக்கு வருகின்றன. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையோ பஞ்சத்தில் வாடிய காஞ்சியைக் காட்டுகிறது. அங்கே அமுதசுரபி ஏந்திப் பசியாற்றியவள் கணிகை மாதவியின் மகள். அவளுக்கு முன் அப்பாத்திரத்தைப் பெற்றிருந்தவன் ஆபுத்திரன். ஈன்ற தாய் கைவிட, ஏழு நாள் பசுவின் பாலுண்டு பிழைத்தவன். வேள்விப் பசுவை அவன் விடுவித்தபோது ஊரார் தூற்றியது அவனது பிறப்பை. எடுத்து வளர்த்தவரும் கைவிட்டார். பிச்சையேந்திய ஓட்டில் கல் விழுந்தது. மதுரை சென்றவன், இரந்து பெற்றதைப் பார்வையற்றோர்க்கும் பேணுவாரற்றோர்க்கும் ஊட்டிய பின்னரே உண்டான்.

காவியம் பௌத்தம் சார்ந்தது. ஆயினும் ஊரார் கேட்டதை நாமும் கேட்டிருக்கிறோம். திருமணத்திற்கு வெளியே பிறந்தவர் குருப்பட்டம் பெற, 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு தடை விதித்திருந்தது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில்தான் அத்தடை நீங்கியது.