ஃபோர்ட் ஸ்டைகின் என்றொரு சரக்குக் கப்பல்

ஏப்ரல் 14 என்றால் நமக்குத் தமிழ்ப் புத்தாண்டு. அம்பேத்கர் பிறந்த நாளும் அன்றுதான் என்பதால் பேங்க் லீவு. அதே தேதியில் ஆரம்பிக்கும் வாரத்தை நாடு முழுக்கத் தீயணைப்பு வாரமாக அனுசரிக்கிறார்கள். ஆபீஸ் வாசலில் வாளியும் மணலுமாகச் செயல்விளக்கம் காட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். ஏன் அந்தத் தேதி என்று கேட்டால், வருஷக்கணக்காக மும்பையிலேயே இருக்கும் நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. காரணம், 1944-ல் இங்கே துறைமுகத்தில் வெடித்த ஒரு சரக்குக் கப்பல்.

பெயர் ஃபோர்ட் ஸ்டைகின். 1942-ல் கனடாவின் மேற்குக் கரையில் பிரின்ஸ் ரூபர்ட் என்ற ஊரில் கட்டினார்கள். மொத்தப் பதிவு டன் அளவு 7,142. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பிரிட்டிஷ் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த காலம். போன கப்பலுக்குப் பதில் கப்பல் வேண்டும், சீக்கிரம் வேண்டும். அதனால் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு கனடாவில் வரிசையாகக் கட்டித் தள்ளினார்கள். பிரிட்டனுக்குக் கொடுத்தவற்றுக்கெல்லாம் 'ஃபோர்ட்' என்று ஆரம்பிக்கும் பெயர். அழகுக்கோ வேகத்துக்கோ கட்டியவை இல்லை. கரியள்ளிப் போட்டு ஓட்டும் நீராவி எஞ்சின், மணிக்கு 11 கடல் மைல் வேகம், சுமார் பத்தாயிரம் டன் சரக்கு. லாரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஏற்று, இறக்கு, அடுத்த ஊருக்குப் போ. அவ்வளவுதான் அதன் பிழைப்பு.

அந்தப் பிழைப்பின் கடைசிச் சவாரி 1944 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் தொடங்கியது. ஜிப்ரால்டர், போர்ட் சயீத், கராச்சி, பம்பாய் என்பது வழி. ஏற்றியிருந்ததில் சுமார் 1,395 டன் வெடிபொருள், பெட்டிகளில் பிரித்து அடுக்கிய ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள், கொஞ்சம் தங்கம். தங்கத்துக்குப் பிறகு வருகிறேன்.

கராச்சியில் விமானங்களை இறக்கினார்கள். காலியான இடத்தைச் சும்மா விடமுடியுமா? போர்க்காலத்தில் கப்பலில் காலி இடம் என்பது பாவம். 8,700 பஞ்சுப் பொதிகள், ஆயிரத்துக்கு மேல் எண்ணெய்ப் பீப்பாய்கள், மரம், பழைய இரும்பு, கந்தகம், மீன் உரம் எல்லாம் ஏறின. கேப்டன் நெய்ஸ்மித்துக்கு இந்தக் கலவை பிடிக்கவில்லை. ஆனால் அவர் பேச்சு எடுபடவில்லை. நான் காமர்ஸ் படித்தவன், பட்டியலைக் கண்டால் வரிவரியாகப் படிப்பேன். இந்தப் பட்டியலில் எரிவதும் வெடிப்பதும்தான் அதிகம். அதிலும் இரண்டாம் நம்பர் சரக்கறையில் கீழ்த்தட்டில் பஞ்சு, அதற்கு மேல்தட்டில் வெடிபொருள்.

ஏப்ரல் 12-ம் தேதி பம்பாய் விக்டோரியா டாக்கில், முதலாம் நம்பர் தளத்தில் கப்பலைக் கட்டினார்கள். பழைய விதிப்படி வெடிபொருள் கப்பல் கரைக்கு வரவே கூடாது. நடுக்கடலில் நங்கூரம் போட்டு, படகுகளில் இறக்க வேண்டும். போர் அவசரத்தில் அந்த விதியைத் தளர்த்தியிருந்தார்கள். உள்ளே வெடிபொருள் இருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கொடியும் ஏற்றப்படவில்லை. இரண்டு நாள் போன பிறகும் வெடிபொருளில் பெரும்பகுதி உள்ளேயே இருந்தது.

14-ம் தேதி, வெள்ளிக்கிழமை. பக்கத்துக் கப்பல்களில் இருந்தவர்கள் மதியம் ஒரு மணிக்கு முன்பே லேசான புகையைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டு இடைவேளை முடிந்து திரும்பிய கூலிகள் இரண்டாம் அறையில் புகையைக் கண்டு கத்தியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. முதலில் வந்தவை இரண்டே தீயணைப்பு வண்டிகள். உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்த பிறகுதான் மற்றவை வந்தன.

பஞ்சுத் தீ ரொம்ப மோசமானது. அழுத்திக் கட்டிய பொதிக்குள் தண்ணீர் இறங்காது. வெளியே அணைந்த மாதிரி இருக்கும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அன்று 900 டன்னுக்கு மேல் தண்ணீர் அடித்தார்கள். அந்தத் தண்ணீரிலேயே எரியும் பொதிகள் மிதந்து மேலெழுந்து, மேல்தட்டு வெடிபொருளை நெருங்கின.

கரையில் இன்னொரு பக்கம் ஆலோசனை நடந்தது. வெடிபொருள் தெரிந்த ராணுவ அதிகாரி கப்பலை அங்கேயே மூழ்கடிக்கச் சொன்னார். அங்கே முழுசாக மூழ்கும் அளவுக்கு ஆழம் இல்லை. டாக் நிர்வாகி வெளியே இழுத்துப் போகச் சொன்னார். தீயணைப்புத் தலைவர் தண்ணீர் அடித்தே அணைத்துவிடலாம் என்று நம்பினார். கேப்டன் எந்தப் பக்கமும் முடிவெடுக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு துறை, எல்லோருக்கும் சேர்த்து உத்தரவு போடும் அதிகாரம் ஒருவரிடமும் இல்லை. பெரிய ஆபீஸ்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

மாலை 4 மணி 6 நிமிஷத்துக்குக் கப்பல் வெடித்தது. டாக் கடிகாரம் அந்த நேரத்திலேயே நின்றுபோனது. சுமார் அரைமணி கழித்து இன்னொரு வெடி, முதலாவதைவிடப் பெரியது. சுமார் 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் சிம்லாவில் இருந்த நிலநடுக்கக் கருவி அதிர்வைப் பதிவு செய்தது. பக்கத்தில் நின்ற ஜலபத்மா என்ற கப்பல் தூக்கி எறியப்பட்டு, கரைக் கொட்டகை மேல் விழுந்தது. பத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் அழிந்தன. எரியும் பஞ்சு ஊருக்குள் மழையாகக் கொட்டி, துறைமுகத்தை ஒட்டிய தானியக் கிடங்குகளும் வீடுகளும் பற்றின. கேப்டன் நெய்ஸ்மித் இறந்தார். ஹோஸைப் பிடித்தபடி நின்ற தீயணைப்பு வீரர்கள் 66 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 14-ஐ நினைவு நாளாக வைத்திருப்பது அவர்களுக்காகத்தான். பைக்குல்லா தீயணைப்புத் தலைமையகத்தில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

ஊரே அதிர்ந்த செய்தியை இந்திய வானொலி சொல்லவில்லை. தணிக்கை. மறுநாளே விவரமாகச் சொன்னது ஜப்பான் கையில் இருந்த சைகோன் வானொலி!

இப்போது தங்கத்துக்கு வருகிறேன். போர்ச் செலவுக்காக அச்சடித்த நோட்டுகள் குவிந்து, விலைவாசி கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. தங்கத்தை விற்று ரூபாயைத் திரும்ப உள்ளே இழுக்க, 1943-லிருந்து பிரிட்டன், அமெரிக்க அரசுகளின் சார்பில் ரிசர்வ் பேங்க் தங்கம் விற்றுவந்தது. இந்தக் கப்பலில் வந்த தங்கமும் ரூபாயைத் தாங்கிப்பிடிக்கத்தான். 31 பெட்டி, பெட்டிக்கு 4 கட்டி, மொத்தம் 124. ஒவ்வொன்றும் சுமார் பன்னிரண்டரை கிலோ. இரும்புத் தொட்டிக்குள் வைத்து வெல்டு செய்து அனுப்பியிருந்தார்கள். வெடித்ததும் அதுவும் சிதறிப் பறந்தது. ஒரு கட்டி சுமார் ஒரு மைல் தள்ளி ஒரு பார்சிக்காரர் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. அவர் அதை அப்படியே ஒப்படைத்தார். கிடைத்த பரிசுப் பணத்தையும் நிவாரணத்துக்கே கொடுத்துவிட்டார். மற்றவை டாக் சேற்றிலிருந்து ஒவ்வொன்றாகக் கிடைத்தன. 1970-களில் தூர்வாரும்போதுகூடக் கட்டிகள் அகப்பட்டிருக்கின்றன.

எங்கள் வேலையில் நாள் முடிவில் ஒரு நோட்டு குறைந்தாலும் கேஷியர் வீட்டுக்குப் போக முடியாது. டேலி ஆகும்வரை எண்ண வேண்டும். அந்தக் கண்ணோடு இந்தக் கதையைப் படிக்கும்போது ஒரு இடத்தில் என்னால் நகர முடியவில்லை. தங்கத்துக்கு எண்ணிக்கை இருக்கிறது, 124. பஞ்சுக்கு இருக்கிறது, 8,700. அன்று செத்தவர்கள் எத்தனை பேர்? அரசுக் கணக்கு எழுநூற்றுச் சொச்சம். சில நூல்களில் 800. சிலவற்றில் 1,300. ஐந்நூறு பேர் வித்தியாசம். இன்றுவரை டேலி ஆகவில்லை.

ஏன் ஆகவில்லை என்பதும் புரிகிறது. கப்பல் சரக்கைச் சுமந்தவர்கள் அன்றாடக் கூலிகள். கொங்கணத்திலிருந்தும் தக்காணத்துக் கிராமங்களிலிருந்தும் வந்து, ஒரு மேஸ்திரியின் கீழ் கும்பலாக வேலைக்கு நின்றவர்கள். இன்று வேலை உண்டா என்பதே வாசலில் நிற்கும்போதுதான் தெரியும். அப்படிப்பட்ட ஆளுக்கு வருகைப் பதிவேட்டில் பெயர் எங்கே இருக்கும்? துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் ஒண்டிக் கிடந்தவர்களும் அப்படித்தான். ஊரில் தேடிய வீட்டார், கடிதம் வரவில்லை என்பதை வைத்துத்தான் முடிவுக்கு வந்திருப்பார்கள்.

பொருள் இழப்புக்கு வழி பிறந்தது. சாதாரணத் தீ இன்சூரன்ஸில் வெடிவிபத்து வராது என்பதால், அதே 1944-ல் பம்பாய் வெடிவிபத்து இழப்பீட்டு அவசரச் சட்டம் கொண்டுவந்தார்கள். கணக்குக் காட்ட முடிந்தவர்களுக்குப் பணம் கிடைத்தது. தலைமை நீதிபதி லெனார்ட் ஸ்டோன் தலைமையிலான கமிஷன், சதி இல்லை, பஞ்சில் தற்செயலாகப் பிடித்த தீ, அநேகமாக யாரோ குடித்துப் போட்ட சிகரெட் என்றது. டாக் கூலிகளைப் பதிவு செய்து வேலையை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1948-ல்தான் வந்தது. அதன்படியான திட்டம் பம்பாயில் 1951-ல் நடைமுறைக்கு வந்தது.

நம்மில் பலர் இந்த ஊருக்கு வந்தது சான்றிதழோடும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோடும். நமக்கு ஏதாவது ஆனால் பெயர் சொல்ல ஒரு ஆபீஸாவது உண்டு. நம் கட்டடத்துக்குக் கலவை சுமப்பவருக்கும், வாசலில் இரவு காவலுக்கு நிற்பவருக்கும் அது உண்டா? அடுத்த தடவை பார்க்கும்போது பெயரும் ஊரும் கேட்டு வையுங்கள். நானும் கேட்க ஆரம்பித்திருக்கிறேன்.