தடாவுக்குப் போகாத ஹாப்ஸ் கிழங்கு

போன வாரம் அக்கா பையன் தடாவிலிருந்து போன் பண்ணினான். "மாமா, வர்றப்ப ஹாப்ஸ் கிழங்கு ரெண்டு கொண்டாங்க, தோட்டத்துல நட்டுப் பாக்கறேன்." பீருக்குக் கசப்பும் வாசனையும் தருவது ஹாப்ஸ் கொடியின் பூ. நான் இருப்பதோ இங்கிலாந்தில், ஹாப்ஸுக்குப் பேர்போன கென்ட் பக்கம். (அவன் அம்மாவுக்கு விஷயம் தெரியாது. தெரிந்தால் அர்ச்சனை எனக்குத்தான்!)

பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டிலேயே பீர் காய்ச்சுவார். 1963இலிருந்து இங்கே அதற்கு லைசென்ஸ் வேண்டாம். குளிர் முடியும் நேரத்தில் கொடியின் அடிக்கிழங்கைச் சாண் நீளத் துண்டுகளாக வெட்டி, ஈர மரத்தூளோடு பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வைப்பார். காயவும் கூடாது, அழுகவும் கூடாது. உறைபனி போனதும் முளை மேலே பார்க்க நாலு விரல் ஆழத்தில் நடுவார். நம்மூரில் விதை மஞ்சளை நிழலில் குவித்து, இலை போட்டு மூடி, மண்ணும் சாணியும் பூசி வைப்பார்களே, அதே கதைதான்.

ஆனால் மஞ்சள் நம்மூர் மண்ணில் செழிக்கிறது, ஹாப்ஸ் வேரூன்றவில்லை. பீர் இல்லாமல் வெள்ளைக்காரனுக்குப் பொழுது போகாது, இருந்தும் அதைக் கப்பலில்தான் வரவழைத்தான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் ஹாட்ஜ்சன் கம்பெனியின் பீர் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் பயணம் செய்து இந்தியா வந்தது. வழியில் கெடாமல் இருக்க ஹாப்ஸை அள்ளிப் போட்டார்கள். அதன் பிசின் பாக்டீரியாவை அடக்கும். அந்த வகைக்குப் பின்னால் வந்த பேர் இந்தியா பேல் ஏல். பேரில் மட்டும்தான் இந்தியா!

நம் நாட்டில் ஹாப்ஸ் விளைந்தது வடக்கே. மர்ரீ மலையில் 1860இல் ப்ரூவரி வந்தது. காஷ்மீரில் சோபோருக்குக் கீழே மகாராஜாவுக்கு ஒரு ஹாப்ஸ் தோட்டமே இருந்தது. அதில் நல்ல வருமானம் என்று வால்டர் லாரன்ஸ் 1895இல் வந்த தன் புத்தகத்தில் குறித்திருக்கிறார். 1970களில் இமாச்சலின் லாஹௌல் விவசாயிகளும் பயிரிட்டார்கள். இறக்குமதிச் சரக்கோடு போட்டி போட முடியாமல் பலர் பட்டாணி, காலிஃபிளவர் என்று மாறிவிட்டார்கள்.

தெற்கே ஏன் வரவில்லை? வெயில்தான் என்று நானும் நினைத்திருந்தேன். முக்கியக் காரணம் பகலின் நீளமாம். நீண்ட பகலில் கொடி ஏறும், பகல் குறையும்போது பூக்கும். ஜூனில் கென்ட்டில் பகல் பதினாறரை மணி நேரம். தடாவில் எவ்வளவு நீண்டாலும் பதிமூன்றைத் தாண்டாது. அதனால் கொடி வளரும் முன்னமே அவசரப்பட்டு நாலு பூ பூத்துவிட்டு நின்றுவிடும். தென்னாப்பிரிக்காவின் ஜார்ஜ் ஊரில் ராத்திரியில் விளக்குப் போட்டு ஏமாற்றினார்கள், பிறகு அந்த ஊர்ப் பகலுக்கேற்ற ரகங்களை உருவாக்கினார்கள்.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். கிழங்கைச் சூட்கேஸில் கொண்டுபோகவும் முடியாது. 2003ஆம் வருஷத்துத் தாவரத் தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் நோயில்லாச் சான்றிதழும் வேண்டும். அக்கா காதுக்குப் போனால் அது தனி விசாரணை.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்ப கொடைக்கானல்ல நட்டா?" என்றான்.

மலை குளிரைத்தான் கொடுக்கும், பகலைக் கொடுக்காதுடா.